கணக்கு தொடங்கும் முன்: நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் சமூக ஊடகத்தில் இறங்க ஒரு வழிகாட்டி

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கத்தைத் தொடங்கியவர் ஒரு தற்காலிக ஊழியர். தன் சொந்த மின்னஞ்சலில், தன் சொந்தக் கைப்பேசி எண்ணில் தொடங்கினார். ஒப்பந்தம் முடிந்து அவர் போனபோது அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் மறக்காமல் திருப்பி வாங்கினோம். பக்கத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரமே ஓர் அவசர அறிவிப்பு போட வேண்டியிருந்தது. யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. அவர் எண்ணையும் மாற்றிவிட்டிருந்தார். பக்கத்தை மீட்கப் பதினோரு வாரம் ஆனது. அந்த நாட்களில் மக்கள் அங்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் வெளியாட்களைப் போல அவற்றைப் படித்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே, என்ன பதிவிட வேண்டும் என்பது இந்தக் கட்டுரையில் குறைவாகவே வரும். அதைச் சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறார்கள். கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும், எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், பணம் எங்கே கசியும், எதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதுதான் இங்கே பேச்சு.

1. எதற்கு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

"மக்களிடம் நெருங்குவது" என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது. ஒரு வாரம் உங்கள் அலுவலகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வருகிற ஒவ்வொரு கேள்வியையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் இரண்டே கேள்விகள்தான்: என் விண்ணப்பம் எங்கே நிற்கிறது, எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்?

எந்தத் தளம் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். முகவரியும் வேலை நேரமும்தான் கேட்கிறார்கள் என்றால் கூகுள் வணிகச் சுயவிவரம் ஒன்றே போதும், அது இலவசம். செய்முறையைக் காட்ட வேண்டியிருந்தால் யூடியூப். அவரவர் விண்ணப்பத்தின் நிலையைக் கேட்டால் அது பொதுவெளியில் பேசுகிற விஷயமே இல்லை, வாட்ஸ்அப் போன்ற தனிச்செய்தி வழி வேண்டும். ஆள் எடுப்பதற்கும் பிற நிறுவனங்களோடு தொழில் செய்வதற்கும் லிங்க்ட்இன்.

முதல் ஆண்டில் இரண்டு தளங்களுக்கு மேல் தொடாதீர்கள். அந்தப் பக்கத்தின் அடியில் பொறுப்பாளர் யார், அவர் விடுப்பில் போனால் யார், எந்த நேரத்தில் பதில் கிடைக்கும், எப்போது மறுபரிசீலனை என்று எழுதித் தலைமை அதிகாரியிடம் கையொப்பம் வாங்குங்கள். அரசு அலுவலகம் என்றால் கோப்பு எண் போட்டு வையுங்கள். பிற்பாடு தணிக்கையில் "இதற்கு யார் அனுமதி கொடுத்தது" என்ற கேள்வி வரும்போது அந்த ஒற்றைத் தாள் உங்களைக் காப்பாற்றும்.

2. பெயரைப் பிடிப்பதற்கு முன் தேடுங்கள்

உங்கள் அமைப்பின் முழுப்பெயர், சுருக்கப்பெயர், பழைய பெயர், தவறாக எழுதப்படும் பெயர் எல்லாவற்றையும் ஒவ்வொரு தளத்திலும் தேடிப் பாருங்கள். நாங்கள் தேடியபோது நான்கு பக்கங்கள் கிடைத்தன. இரண்டு நல்லெண்ணத்தில் ஊழியர்கள் தொடங்கியவை, ஒன்று பழைய விளம்பர ஏஜென்சி விட்டுப்போனது, ஒன்று அப்பட்டமான மோசடி. ஊழியர்கள் தொடங்கியதை எழுத்து மூலம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். மோசடிப் பக்கத்தைப் பற்றி ஆள்மாறாட்டம் என்று புகார் செய்யலாம். ஆனால் புகாருடன் நீங்கள்தான் உண்மையான அமைப்பு என்பதற்கான ஆவணமும் கேட்பார்கள்.

பயனர் பெயரை 15 எழுத்துகளுக்குள் அடக்குங்கள். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் உச்சவரம்பு அதுதான். அங்கே பொருந்துகிற பெயர் மற்ற இடங்களிலும் பொருந்தும். பயன்படுத்தப்போகாத தளங்களிலும் அந்தப் பெயரைப் பதிந்து வைத்து, "நாங்கள் இங்கே இல்லை, இந்த முகவரியில் இருக்கிறோம்" என்று ஒரே ஒரு பதிவைப் போட்டுவிடுங்கள்.

பொறி: ஃபேஸ்புக்கில் அமைப்பின் பெயரில் தனிநபர் கணக்கு தொடங்குவது. அது அவர்களின் விதிக்குப் புறம்பானது. எந்த நாளிலும் முடக்கப்படலாம். அமைப்புக்கு வேண்டியது "பக்கம்". அதை நிர்வகிப்பவர்கள் தங்கள் உண்மையான தனிக்கணக்கு வழியாகவே நுழைவார்கள். பல அதிகாரிகளுக்கு இது பிடிப்பதில்லை. சொந்தக் கணக்கின் படங்கள் அலுவலகப் பக்கத்தில் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். பக்கத்தின் பெயரில் இடும் பதிவுகளில் நிர்வாகியின் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது என்று முதல் நாளே விளக்கிவிடுங்கள்.

3. ஆவணங்களை ஒரே உறையில் சேருங்கள்

கணக்கு தொடங்க ஐந்து நிமிடம் போதும். அந்தக் கணக்கு உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் வேலைதான் இழுக்கும். உறையில் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ் அல்லது அமைப்பை நிறுவிய அரசாணை, வரிப் பதிவு ஆவணம், அமைப்பின் பெயரும் முகவரியும் உள்ள அண்மைக்கால மின்கட்டண ரசீது அல்லது வங்கி அறிக்கை, பொறுப்பாளருக்கு அதிகாரம் அளித்து அமைப்பின் கடிதத்தாளில் தலைவர் கையொப்பமிட்ட கடிதம். இதோடு, அமைப்பின் சொந்த டொமைனில் (இணையதள முகவரிப் பெயரில்) ஒரு மின்னஞ்சல் முகவரியும், அதே பெயரைத் தாங்கிய இணையதளமும் வேண்டும். இலவச மின்னஞ்சல் முகவரியை வைத்துக்கொண்டு சரிபார்ப்புக்குப் போனால் பாதி இடங்களில் கதவு திறக்காது.

எங்கள் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சான்றிதழில் பெயர் முழுதாக இருந்தது, மின்கட்டண ரசீதில் சுருக்கமாக இருந்தது, இணையதளத்தில் மூன்றாவது விதமாக இருந்தது. முகவரியில் ஓரிடத்தில் தெருப்பெயர் சுருக்கம், இன்னோரிடத்தில் முழுப்பெயர். மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கு ஒன்றில்லை. பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்படி இணையதளத்தை முதலில் திருத்திவிட்டு, அப்புறம் விண்ணப்பியுங்கள்.

இணையதளம் உங்களுடையதுதான் என்று காட்ட டொமைன் அமைப்புகளில் ஒரு குறியீட்டு வரியைச் சேர்க்கச் சொல்வார்கள். அந்த அமைப்புகளுக்குள் நுழையும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். எங்களுடையது, ஏற்கெனவே தொழிலை மூடிவிட்டுப் போன ஒரு வடிவமைப்பாளரிடம் இருந்தது.

காலம்: கூகுள் வணிகச் சுயவிவரத்துக்கு எந்த வழியில் சரிபார்ப்பது என்பதைக் கூகுளே முடிவு செய்யும். தொலைபேசி, மின்னஞ்சல், காணொளி, அஞ்சலட்டை என எதுவாகவும் இருக்கலாம். அஞ்சலட்டை வருவதற்குப் பெரும்பாலும் 14 நாட்கள் வரை பிடிக்கும். அதிலுள்ள குறியீடு 30 நாட்களில் காலாவதியாகும். அட்டைக்காகக் காத்திருக்கும் நாட்களில் பெயரையோ முகவரியையோ திருத்தாதீர்கள், குறியீடு செல்லாமல் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டாவின் வணிகச் சரிபார்ப்பு சில நிமிடங்களில் முடிவதும் உண்டு, வாரக்கணக்கில் இழுப்பதும் உண்டு.

எக்ஸ் தளத்தில் அரசு அமைப்புகளுக்குச் சாம்பல் நிறக் குறி, நிறுவனங்களுக்குத் தங்க நிறக் குறி. நீலக் குறி சந்தா கட்டுகிற எவருக்கும் கிடைக்கும் என்பதால், அது மட்டும் இருந்தால் அரசு அமைப்புக்கு அடையாளம் ஆகாது.

4. சாவியை யாரிடம் கொடுப்பது

ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பகிர்ந்துகொள்வதுதான் பெரும்பாலான அலுவலகங்களின் வழக்கம். பலகையில் எழுதி ஒட்டியிருந்ததையே நான் பார்த்திருக்கிறேன். இதற்கு அவசியமே இல்லை. மெட்டாவின் வணிகக் கணக்கிலும் யூடியூப் சேனலிலும் கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே ஆளுக்கு ஏற்ற உரிமையைக் கொடுக்க முடியும். பதிவிட மட்டும் ஒருவருக்கு, புள்ளிவிவரம் பார்க்க மட்டும் இன்னொருவருக்கு என்று பிரித்துவிடுங்கள். முழு உரிமை இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் எங்கள் கதைதான் நடக்கும். ஐந்து பேரிடம் இருந்தால் எவர் வேண்டுமானாலும் எவரையும் நீக்கிவிடலாம்.

அந்த இருவரில் ஒருவராவது நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். மீட்பு மின்னஞ்சல், பதவியின் பெயரில் உருவாக்கிய அலுவலக முகவரியாக இருக்கட்டும். ஆளின் பெயரில் வேண்டாம். கைப்பேசி எண்ணும் அமைப்பின் பெயரில் வாங்கிய சிம்மாக இருக்கட்டும். அந்தச் சிம்மை மேசை இழுப்பறையில் போட்டு மறந்தால், ரீசார்ஜ் செய்யாமல் எண் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போய்விடும். ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள்.

கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைவிடச் சரிபார்ப்புச் செயலி நல்லது, கணினியில் செருகும் சிறு கருவியான பாதுகாப்புச் சாவி அதைவிட நல்லது. "ஒவ்வொரு தடவையும் குறியீடு கேட்டுத் தொல்லை செய்கிறது, நிறுத்திவிடுங்கள்" என்று யாராவது கேட்பார்கள். அப்போது இதைச் சொல்லுங்கள்: 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கில் புகுந்தவர்கள், பிட்காயின் நிதிகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டதாகப் பொய்ப் பதிவு போட்டார்கள், பிட்காயின் விலை குதித்து இறங்கியது. கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணைச் சிம் மாற்று மோசடியில், அதாவது அந்த எண்ணைத் தங்கள் சிம்முக்கு மாற்ற வைத்து, கைப்பற்றித்தான் உள்ளே நுழைந்தார்கள். கணக்குக்குள் நுழைவதில் சிரமம் இருந்ததால், முந்தைய ஆண்டு ஜூலையில் ஊழியர்கள் கேட்டு நிறுத்திவைத்த கூடுதல் சரிபார்ப்பு அதுவரை திரும்பப் போடப்படவேயில்லை. சந்தையைக் காவல் காக்கிற அமைப்புக்கே இந்தக் கதி.

கைப்பேசி கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, உறையிலிட்டு முத்திரை வைத்து, அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கைப்பேசியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கைப்பேசி தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

5. ஒப்புதலை மூன்று அடுக்காக்குங்கள்

அரசு அலுவலகங்கள் திணறுவது இங்கேதான். ஒரு விடுமுறை அறிவிப்புக்கு நான்கு மேசைகளில் ஒப்புதல் வாங்கி முடிப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிடும். நிறுவனங்களில் இதற்கு நேர்மாறு: பயிற்சிக்கு வந்த பையன் யாரையும் கேட்காமல் பதிவிட்டுவிடுவான்.

நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த ஏற்பாடு இது. ஏற்கெனவே வெளியான தகவல், வேலை நேரம், படிவத்தின் இணைப்பு போன்றவற்றைப் பொறுப்பாளரே போடலாம். புதிய அறிவிப்பு, கட்டணம், கொள்கை தொடர்பானவற்றுக்கு ஓர் அதிகாரியின் ஒப்புதல். குறித்த மணி நேரத்துக்குள் அவர் பார்க்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். சட்ட விவகாரம், விபத்து, குற்றச்சாட்டு ஆகியவற்றுக்குத் தலைமையின் ஒப்புதல் வேண்டும். மூன்றாம் அடுக்குக்கு இரவிலும் எடுக்கிற தொலைபேசி எண் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

நெருக்கடிக்கென்று வரைவுகளை முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கி வையுங்கள்: "முந்தைய அறிவிப்பு தவறு", "எங்கள் கணக்கு எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை", "சேவை தற்காலிகமாக நிறுத்தம்". அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 2018 ஜனவரி 13 காலை 8.07 மணிக்கு ஏவுகணை வருவதாகக் கைப்பேசிகளுக்குத் தவறான எச்சரிக்கை போனது. அது தவறு என்ற திருத்தம் அதே வழியில் மக்களுக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. இடையில் தன் ட்விட்டர் கணக்கில் விளக்கம் கொடுக்கத் தாமதமானதற்கு, கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனக்குத் தெரியாமல் போனதே காரணம் என்று மாநில ஆளுநர் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை நடத்துங்கள்: பொறுப்பாளர் ஊரில் இல்லை என்று வைத்துக்கொண்டு, மாற்று ஆள் எத்தனை நிமிடத்தில் பதிவிடுகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் முதல் ஒத்திகை அரை நாள் நீடித்தது.

6. முதல் பதிவுகள்

சத்தமில்லாமல் தொடங்குங்கள். பத்துப் பன்னிரண்டு பதிவுகள் சேர்ந்த பிறகு விளம்பரப்படுத்துங்கள். முதல் படியில் சேர்த்த கேள்விப் பட்டியல்தான் உங்கள் முதல் மாத உள்ளடக்கம். ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு இணைப்பு. இன்ஸ்டாகிராம் பதிவின் விளக்க வரியில் போடும் இணைப்பு சொடுக்கினால் திறக்காது என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

சுற்றறிக்கையைப் படமெடுத்து அப்படியே போடுவதை நிறுத்துங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்புச் செயலியால் அந்தப் படத்திலுள்ளதைச் சரியாகப் படிக்க முடியாது. தேடுபொறிக்கும் எளிதில் அகப்படாது. சிறிய திரையில் கண்ணுள்ளவர்களுக்கும் சிரமம். சாரத்தை எழுத்தாகப் போட்டு, படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை சேர்த்து, முழு ஆவணத்தை இணையதளத்தில் வையுங்கள். காணொளிக்கு வசன வரி கட்டாயம்.

நேரலை செய்யப்போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். யூடியூப்பில் நேரலை வசதியை முதன்முறை இயக்கினால் செயல்பட 24 மணி நேரம் வரை ஆகலாம். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியை ஏற்றக் கைப்பேசி எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும். செய்தியாளர் சந்திப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இதைக் கண்டுபிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

7. பதில் சொல்வது தனி வேலை

பதிவிடுவதைவிடப் பதில் சொல்வதற்கு அதிக நேரம் போகும். அதைக் கணக்கில் எடுக்காமல்தான் பல பக்கங்கள் ஆறு மாதத்தில் பாழடைகின்றன. எதை நீக்குவீர்கள், எதை விட்டுவைப்பீர்கள் என்ற விதியைப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். மிரட்டல், பிறரின் தனிப்பட்ட விவரம், விளம்பரக் குப்பை ஆகியவற்றை நீக்கலாம். விமர்சனத்தை நீக்காதீர்கள். நிறுவனத்துக்கு அது மரியாதைக் கேடு; அரசு அமைப்புக்குச் சில நாடுகளில் அது வழக்காகவே முடியும். எந்தக் கருத்தை நீக்கினாலும் முதலில் படமெடுத்து, தேதியும் காரணமும் எழுதி வையுங்கள். அரசு அலுவலகத்தின் பதிவுகளும் ஆவணங்களே. எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்று உங்கள் ஆவணக் காப்பு விதியைப் பாருங்கள்.

மக்கள் அடையாள எண், கைப்பேசி எண் எல்லாவற்றையும் பொதுவில் எழுதிவிடுவார்கள். உடனே மறைத்துவிட்டுத் தனிச்செய்திக்கு அழையுங்கள். பக்கத்தைத் தளம்தான் நடத்துகிறது, தரவுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக் பக்கத்தை நடத்துபவரும் பார்வையாளர்களின் தரவுக்குக் கூட்டுப் பொறுப்பாளர்தான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஜூனில் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் நாட்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன கேட்கிறது என்று சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு பொறி. வணிகச் செயலியில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். அவர்களிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பெரிய அளவில் அனுப்ப அதன் கட்டணத் தளத்துக்குப் போக வேண்டும். அங்கே பயனர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நினைத்தபடி பதில் எழுத முடியும். அது கடந்தால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்தியை மட்டுமே அனுப்பலாம்.

8. விளம்பரத்துக்குப் பணம் போடும் முன்

பக்கம் தொடங்குவது இலவசம் என்பதால் செலவே இல்லை என்று திட்டக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். பெரிய செலவு ஆளின் நேரம். அதற்கடுத்து வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, வசன வரி. விளம்பரம் அதற்கும் பிறகுதான்.

விளம்பரக் கணக்கை அமைப்பின் பெயரில், அமைப்பின் அட்டையில் தொடங்குங்கள். அவசரத்துக்கு ஊழியரின் சொந்த அட்டையைப் போட்டால், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் அவர் பணி ஓய்வே பெற்றுவிடுவார். நாணயத்தையும் நேர மண்டலத்தையும் முதல் நாளே சரியாகத் தேர்ந்தெடுங்கள். கூகுள் விளம்பரக் கணக்கில் நாணயத்தைப் பின்னர் மாற்றவே முடியாது. புதிய கணக்குதான் தொடங்க வேண்டும்.

கணக்குப் பிரிவினரை அதிர வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. தினசரி வரம்பு என்று நீங்கள் போடுவது சராசரிதான். கூகுள் ஒரே நாளில் அதன் இரு மடங்கு வரை செலவழிக்கலாம். மாதத்துக்குத் தினசரித் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. ஆகவே அனுமதியை நாளுக்கு வாங்காமல் மாதத்துக்கு வாங்குங்கள். பிரச்சாரத்துக்கு முடிவுத் தேதி போடவும் மறக்க வேண்டாம். நிகழ்ச்சி முடிந்து பத்து நாள் கழித்தும் அதற்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த விளம்பரம் ஒன்றுக்கு நான் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மெட்டா விளம்பரம் தொடங்கிய பிறகு தினமும் கைவைக்காதீர்கள். ஏழு நாட்களில் சுமார் 50 முறை நீங்கள் கேட்ட பலன் கிடைக்கும் வரை அது கற்றல் நிலையில் இருக்கும்; பெரிய மாற்றம் செய்தால் மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும். சிறிய தொகையைப் பத்து விளம்பரங்களுக்குப் பங்கிட்டால் எதுவும் அந்த நிலையைத் தாண்டாது. வெளியிடும் முன் மெட்டா செய்யும் விளம்பரப் பரிசீலனை பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடியும். இருந்தாலும் மூன்று நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். உடல்நலம், சுற்றுச்சூழல் போன்ற அரசு விளம்பரங்கள் சமூகப் பிரச்சினை என்ற வகையில் பிடிபடுவது உண்டு. அப்போது நிர்வாகி தன் அடையாளத்தை நிரூபித்து, யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற வரியையும் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த அனுமதியைத் திட்டம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

ஏஜென்சியை அமர்த்தினால் ஒப்பந்தத்தில் இந்த வாசகம் இல்லாமல் கையொப்பமிடாதீர்கள்: பக்கம், விளம்பரக் கணக்கு, அளவீட்டுக் கணக்கு, மூலப் படக்கோப்புகள் அனைத்தும் அமைப்பின் சொத்து, ஏஜென்சிக்குப் பயன்பாட்டு உரிமை மட்டுமே. அவர்களுடைய கட்டணமும் தளத்துக்குப் போகும் பணமும் தனித்தனி ரசீதாக வர வேண்டும். பின்தொடர்வோரின் எண்ணிக்கையை உயர்த்தித் தருவதாகச் சொல்பவரிடம் அந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் உங்கள் படிவத்தை நிரப்பினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

9. அளவீடு

இணையதளத்துக்கு வருபவர்களை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 கருவியை நிறுவிய அன்றே ஒரு வேலை செய்யுங்கள். பயனர் அளவிலான தரவை அது இயல்பாக 2 மாதம்தான் வைத்திருக்கும். அமைப்புகளுக்குள் போய் 14 மாதமாக மாற்றுங்கள். தாமதித்தால் அழிந்துபோனதை மீட்க வழியில்லை. மற்றபடி விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் படியில் குறித்த கேள்விகள் தொலைபேசியில் குறைந்திருக்கின்றனவா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி உட்கார்ந்து எண்ணுங்கள்.

10. எத்தனை நாள் ஆகும்

அனுமதிக் குறிப்புக்கு நிறுவனத்தில் ஒரு வாரம், அரசு அலுவலகத்தில் ஒரு மாதம் என்று வையுங்கள். ஆவணம் சேர்க்கவும் இணையதளத்தில் பெயரைத் திருத்தவும் இரண்டு வாரம். சரிபார்ப்புக்கு, ஒருமுறை திரும்பி வரும் என்ற கணக்கோடு, நான்கு வாரம். இதற்கிடையில் உள்ளடக்கத்தைத் தயார் செய்யலாம், ஒத்திகை பார்க்கலாம். ஆக, ஒரு பெரிய நிகழ்வுக்காகப் பக்கம் தொடங்குகிறீர்கள் என்றால் மூன்று மாதம் முன்பே இறங்குங்கள். ஃபேஸ்புக்கில் நேரலை செய்யக் கணக்குக்கு 60 நாள் வயதும் பக்கத்துக்குக் குறைந்தது 100 பின்தொடர்வோரும் வேண்டும் என்பதற்கும் அதுவே சரியாக இருக்கும்.

11. ஆள் மாறும் நாள்

பணியிட மாற்றமோ பணி விலகலோ, கடைசி நாளுக்கு முந்தைய நாளே இதைச் செய்துவிடுங்கள். புதியவருக்கு உரிமை கொடுத்து, அவர் தன் கைப்பேசியிலிருந்து ஒரு பதிவு போட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பழையவரின் உரிமையை நீக்க வேண்டும். வரிசை மாறினால் இருவருமே வெளியே நிற்பீர்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள். பெட்டகத்து உறையைப் பிரித்துப் புதிய மீட்புக் குறியீடுகளை வையுங்கள். அட்டையில் பழையவரின் பெயர் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் பணிவிடுவிப்புச் சான்றிதழுக்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. நூலகப் புத்தகம் திருப்பித் தரப்பட்டதா என்ற கேள்விக்குக் கீழே, "சமூக ஊடகக் கணக்குகள் ஒப்படைக்கப்பட்டனவா?" என்று இருக்கும். அந்த ஒரு வரியைச் சேர்க்க ஒப்புதல் கிடைப்பதற்கு ஏழு வாரம் ஆனது.